கழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் ஊசியுடன் எம்.ஆர்.ஐ.

தலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு சாண் நீளமுள்ள கழுத்தில் ஏழு எலும்புகளும், அவற்றின் நடுவே சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடமும், மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் நாளங்களும், மூச்சுக்குழலும், உணவுக்குழலும், குரல்வளையும், தைராய்டும், நிணநீர்க் கணுக்களும் நெருக்கமாக அடைந்து கிடப்பதால், அங்கே தோன்றும் வலியோ வீக்கமோ மரமரப்போ எதிலிருந்து பிறக்கிறது என்பதை விரலால் தொட்டுப் பார்த்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் மட்டும் நிச்சயிப்பது அனுபவமிக்க வைத்தியர்களுக்கும் பல வேளைகளில் இயலாத காரியமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில்தான் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்; சில சீட்டுகளில் அதனுடன் ‘கான்ட்ராஸ்ட்’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். அந்த ஒரு சொல்லைக் கண்டதுமே, நோய் பெரிதோ என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப் போவது வழக்கம். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: இப்பரிசோதனையின் பலன் பாதி யந்திரத்தைப் பொறுத்தது என்றால், மறுபாதி அதனுள் படுப்பவர் தம் சரீரத்தைப் பற்றிய எல்லா விவரங்களையும் முன்கூட்டியே மறைக்காமல் சொல்வதையும், உள்ளே அசையாமல் கிடப்பதையும் பொறுத்தது, ஒவ்வொரு கட்டளைக்கும் உள்ள காரணம் தெரிந்தவருக்கு இவ்விரண்டும் எளிதாகவே கைகூடும்.

எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. நம் சரீரத்திலுள்ள நீரிலும் கொழுப்பிலும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் நுண்ணிய காந்தங்களாக இயங்கும் இயல்புடையவை; வலிய காந்த மண்டலத்தின் நடுவே மனிதரைக் கிடத்தி, ரேடியோ அலையால் அக்கருக்களைச் சற்றே நிலைபிறழச் செய்து, அவை பழைய நிலைக்குத் திரும்புகையில் எழுப்பும் மெல்லிய அலைகளை வாங்கிக் கணக்கிட்டுப் படமாக்குவதே அந்த யந்திரத்தின் தொழில். இம்முறையால் படம் உண்டாக்கலாம் என்பதை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் லாட்டர்பர் எடுத்துக்காட்டினார்; இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை விரைவாகச் செய்வதற்கான வழிகளை வகுத்தார்; இருவரும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கான்ட்ராஸ்ட் என்பது இந்தப் படத்தில் சில இடங்களை எடுப்பாகத் தெரியவைக்கும் ஊசி மருந்து. அதன் உயிர்நாடி கடோலினியம் என்ற உலோகம். தனித்த நிலையில் அது நஞ்சு. ஆதலால் கரிமப் பொருளால் அதை இறுகப் பிணைத்து, உடலுக்குள் அவிழாமல் சுற்றிவந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறும்படி இம்மருந்துகளை அமைத்திருக்கிறார்கள். இவ்வகையில் முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது 1988-ஆம் ஆண்டில். கடோலினியம் சென்று தங்கும் இடத்திலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் விரைந்து தம் நிலைக்குத் திரும்புவதால் அந்த இடம் படத்தில் வெண்மையாக ஒளிரும். தண்டுவடத்து ரத்த நாளங்களின் சுவர்களோ இத்தகைய பொருள்களை வெளியே விடாத காப்புடையவை. வீக்கத்தாலோ கட்டியாலோ கிருமியாலோ அந்தக் காப்பு எங்கே சிதைந்திருக்கிறதோ, மண் சுவரில் விரிசல் கண்ட இடத்தில் மட்டும் மழைநீர் கசிவதைப் போல, அங்கே மட்டுமே மருந்து கசிந்து வெளிப்பட்டு நோயின் இருப்பிடத்தைச் சுட்டிக்காட்டுகிறது.

இதிலிருந்து, எவருக்கு இம்மருந்து அவசியம், எவருக்கு அவசியமில்லை என்பதும் விளங்கும். வயதினாலோ, குனிந்து செய்யும் தொழிலாலோ, எலும்புகளுக்கிடையே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்று காண்பதற்குச் சாதாரண எம்.ஆர்.ஐ. போதும், கழுத்து வலிக்காரர்களில் பெரும்பாலோர் இந்த வகுப்பினரே. தண்டுவடத்தில் கட்டி உண்டா, நம் தேசத்தில் இன்றும் அருகிப் போகாத எலும்புக் காசநோய் கழுத்தெலும்பைத் தொட்டிருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோயின் வடுக்களில் எது பழையது எது இப்போது கனன்றுகொண்டிருப்பது, வாய்க்கும் தொண்டைக்கும் வந்த புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்ற சந்தேகங்கள் எழும்போதே கான்ட்ராஸ்டின் துணை வேண்டியிருக்கிறது. முன்பே கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு மீண்டும் வலி வந்தால் இதன் உதவி விசேஷமானது: ஆறிய புண்ணின் தழும்புத் தசையில் ரத்த நாளங்கள் உண்டாகையால் அது ஒளிரும், ஜவ்வுக்குள் ரத்த ஓட்டம் இல்லாமையால், மறுபடி பிதுங்கிய ஜவ்வு மருந்து போட்ட உடனே எடுக்கும் படத்தில் கருமையாகவே நிற்கும். ஆகவே கான்ட்ராஸ்ட் எழுதியிருப்பது கொடிய நோய் இருப்பதற்கான சாட்சியன்று. வைத்தியர் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதே அதன் பொருள். அந்தக் கேள்வி எது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைப்போலவே, செலவோடு செலவாக அதையும் சேர்த்து எடுத்துவிடலாமே என்று நோயாளியோ உறவினரோ தாமாகக் கேட்பதும் முறையன்று; காரணமின்றி ஒரு மருந்தை உடலில் செலுத்திக்கொள்வதில் பிரயோஜனம் ஒன்றுமில்லை.

இனி, ஜாக்கிரதையோடு படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். நம் ஊர்களில் பெரும்பாலும் காணப்படும் யந்திரங்கள் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ளவை. முதல் வகையே பூமியின் காந்த சக்தியைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி குளிரில் மூழ்கியிருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் தடையின்றிச் சுழன்றுகொண்டே இருப்பதால் இந்தக் காந்தம் இரவும் பகலும், படம் எடுக்கும்போதும் எடுக்காதபோதும், ஆஸ்பத்திரியில் மின்வெட்டு ஏற்பட்டபோதும்கூட உயிரோடு இருக்கும். யந்திரம் ஓடாமல் அமைதியாக இருக்கிறதே என்று எண்ணி இரும்புப் பொருளோடு உள்ளே நுழைவது பிராணாபாயம். 2018 ஜனவரியில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரை ஏந்தியபடி அந்த அறைக்குள் சென்றபோது, சிலிண்டரோடு யந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். நோயாளியைவிட உடன் வருபவரே இவ்விஷயத்தில் கவனக்குறைவாக இருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், சாவிக்கொத்து, கைப்பேசி, கைக்கடிகாரம், சட்டைப்பையிலுள்ள பேனா, சில்லறை ஆகிய எதையும் வாசலுக்கு அப்பால் கொண்டுபோகலாகாது. காந்தப் பட்டையுள்ள ஏ.டி.எம். அட்டையில் பதிந்த விவரங்கள் அழிந்துபோகும்.

ஆபரணங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொன்னைக் காந்தம் இழுப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் சங்கிலியின் கொக்கியிலும் திருகாணியிலும் வேறு உலோகம் கலந்திருக்கலாம். ரேடியோ அலையால் உலோகம் சூடேறித் தோலைச் சுடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுக்கப்படுவது கழுத்தாகையால், அங்கே கிடக்கும் எந்த உலோகமும் தன்னைச் சுற்றியுள்ள பகுதியின் படத்தைக் குலைத்துவிடும். தாலியைக் கழற்றச் சொன்னதும் ஸ்கேன் அறையின் வாசலிலேயே கண் கலங்கி நிற்கும் பெண்களின் மன வேதனையை அற்பமாகக் கருதுவதற்கில்லை. அந்தத் துன்பத்தை முந்தின நாளே வீட்டில் நிவர்த்தி செய்துகொள்ளலாம்: பெரியவர்கள் முன்னிலையில் தாலியை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, மஞ்சள் தோய்த்த பருத்தி நூலில் மஞ்சள் கிழங்கைக் கட்டி அணிந்து வருவதைப் பல குடும்பங்களில் வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள், நூலும் மஞ்சளும் யந்திரத்துக்குத் தடையல்ல. பல வருஷங்களாகக் கழற்றாத மூக்குத்தியையும் தோட்டையும் ஒருநாள் முன்னதாகவே நகை வேலை செய்பவரிடம் காட்டிக் கழற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஸ்கேன் வேளையில் அவசரப்பட்டுக் காயமும் வலியுமே மிஞ்சும். வெள்ளி அரைஞாண், தாயத்து, செப்புக் காப்பு, மெட்டி, கம்பியில் கோத்த ருத்திராட்சம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ரவிக்கையிலும் புடவைத் தலைப்பிலும் குத்திய ஊக்கு, கொண்டை ஊசி, தலைமுடி கிளிப் ஆகியவை சிறியவை என்பதாலேயே மறக்கப்படுகின்றன; ஜரிகையிலும் உலோகம் உண்டு; ஆதலால் ஆஸ்பத்திரியில் தரும் பருத்தி அங்கியை மறுப்பின்றி உடுத்திக்கொள்ள வேண்டும். கண் மையிலும் சில அழகுப் பூச்சுகளிலும் இரும்புச் சத்து கலந்திருப்பதால் முகத்தைக் கழுவிக்கொண்டு செல்வது உத்தமம். கழற்றக்கூடிய பல்செட்டை எடுத்துவிட வேண்டும். அடைத்த பல்லைப் பற்றிக் கவலையில்லை.

உடலுக்குள் இருக்கும் உலோகம் இவற்றைக் காட்டிலும் முக்கியமானது. இதயத் துடிப்பைச் சீர்செய்யும் பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்த நாளத்தில் இட்ட கிளிப் ஆகியவற்றில் யந்திரத்துக்குள் செல்லத் தக்கவையும் உண்டு, சிறிதும் தகாதவையும் உண்டு. எது எப்படிப்பட்டது என்று நிர்ணயிக்க, கருவி பொருத்தியபோது தந்த அட்டையைக் கையோடு கொண்டுவருவது அத்தியாவசியம். எலும்பில் வைத்த டைட்டேனியம் தகடும் திருகும், இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டும் பெரும்பாலும் தடையல்ல என்றாலும் அவற்றையும் சொல்லியே தீர வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளிலும் வேறெங்கும் கடைசல், வெல்டிங், சாணை பிடித்தல் ஆகிய வேலை செய்தவர்கள், என்றோ ஒருநாள் கண்ணில் இரும்புத் தூள் விழுந்திருந்தால் அதை மறவாது தெரிவிக்க வேண்டும். கண்ணுக்குள் தங்கிய துகள் காந்தத்தால் நகர்ந்து பார்வையையே கெடுத்துவிடக்கூடும் என்பதால், முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இலங்கையில் யுத்த காலத்தைக் கடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் ஷெல் துண்டுகளையும் குண்டுச் சிதறல்களையும் இன்றும் உடலில் சுமந்து வாழ்கிறார்கள். பேசவே மனம் கூசும் பழைய காயமாயினும், அதை இந்த ஒரு வாசலில் மட்டும் மனம் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எக்ஸ்ரேயோ சி.டி. படமோ துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும். அது தண்டுவடத்துக்கோ பெரிய நாளத்துக்கோ அருகில் இல்லையென்று தெளிந்த பின்னர் முடிவு செய்ய வைத்தியருக்கு வழி பிறக்கும்.

மருந்தைப் பொறுத்தவரை கேட்கப்படும் முதல் கேள்வி சிறுநீரகத்தைப் பற்றியது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உடையவர்களுக்கும் முதியவர்களுக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகே ஊசி போடுவார்கள். மிகவும் பழுதுபட்ட சிறுநீரகம் உள்ள சிலருக்குத் தோலும் தசையும் இறுகிப்போகும் கொடிய நோய் உண்டாவதற்கும் சில வகைக் கடோலினிய மருந்துகளுக்கும் தொடர்பிருப்பது 2006-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதன் பிறகே இந்த முன்னெச்சரிக்கை எங்கும் விதியாயிற்று. பலமுறை இம்மருந்தைப் பெற்றவர்களின் மூளையில் அதன் சிறு பங்கு தங்குவதை 2014-இல் ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். அப்படித் தங்குவதால் ஒரு நோய் விளைந்ததாக நிரூபணம் ஆகவில்லையாயினும், பிணைப்புத் தளர்ந்த பழைய வகை மருந்துகள் பலவற்றை 2017-இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் விலக்கியது. வளையம் போல் கடோலினியத்தைச் சூழ்ந்து இறுகப் பிடித்திருக்கும் ‘மேக்ரோசைக்ளிக்’ வகை மருந்துகள் அதிக உறுதியுடையவை. எந்த வகை போடப்படுகிறது என்று கேட்பதில் தவறேதுமில்லை. கர்ப்பிணிகளுக்கு, தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தாலன்றி, இந்த ஊசி போடுவதில்லை. பாலூட்டும் தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை; பாலில் கலப்பது மிக மிகச் சொற்பமாகையால் சிசுவுக்கு வழக்கம்போல் பால் கொடுக்கலாம். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு; மீனும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது என்ற எண்ணம் ஆதாரமற்றது. ஆயினும் முன்பு எந்த மருந்தாலாவது தடிப்போ மூச்சுத்திணறலோ உண்டாகியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உணவைப் பற்றி ஒவ்வோர் இடத்திலும் ஒரு விதி இருக்கும். சிலர் சில மணி நேரம் உண்ணாமல் வரச் சொல்வார்கள், சிலர் லேசான ஆகாரம் போதும் என்பார்கள். அவர்கள் சொன்னபடி செய்க. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்கள் மட்டும் வேளையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறித்த வேளைக்கு முன்னதாகச் சென்று, சம்மதப் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திட்டபின், கையிலோ முழங்கையின் மடிப்பிலோ ‘வென்ஃப்ளான்’ என்று சொல்லப்படும் மெல்லிய குழாயைப் போடுவார்கள்; பரிசோதனை முழுவதிலும் குத்தும் வலி என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவே. உள்ளே நீளமான மேசையில் மல்லாந்து படுக்க வைத்து, தலையையும் கழுத்தையும் ஒரு தாங்கியில் அமர்த்தி, மேலே கூடு போன்ற ஒரு கருவியை மூடுவார்கள். ‘காயில்’ என்று அவர்கள் குறிப்பிடும் அதுதான் கழுத்திலிருந்து வரும் மெல்லிய அலைகளை வாங்குவது. ஆகையால் அது முகத்துக்கு அருகில் இருந்தே ஆக வேண்டும். மூக்கும் வாயும் திறந்தே இருக்கும். காற்று தடையின்றி வரும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகின் இறுக்கம் தளரும். கைகளைக் கோத்துக்கொள்ளவோ கால்களைக் குறுக்கே போட்டுக்கொள்ளவோ கூடாது. தோலோடு தோல் தொட்டு வளையம் உண்டாகுமிடத்தில் சூடு ஏறக்கூடும். கையில் ஒரு ரப்பர் பந்தைத் தருவார்கள். அதை அமுக்கினால் எந்தக் கணமும் டெக்னீஷியன் படமெடுப்பதை நிறுத்தி உங்களோடு பேசுவார்.

மேசை நகர்ந்து, சுமார் 60 முதல் 70 செ.மீ. அகலமுள்ள குழலுக்குள் தலையும் மார்பும் செல்லும் அந்தச் சில விநாடிகளில்தான் பலருக்குப் பயம் பிடிக்கிறது. அனுபவத்தில் மிகப் பயன்படும் உபாயம், மேசை நகர்வதற்கு முன்பே கண்களை மூடிக்கொண்டு, வெளியே வரும்வரை திறவாதிருப்பது. கண்மேல் ஒரு துணியைப் போடச் சொன்னாலும் போடுவார்கள். மூடிய இடத்தில் மூச்சு முட்டும் சுபாவமுடையவர்கள் அதைக் கோழைத்தனமாக எண்ணி மறைக்கலாகாது. தேதி வாங்கும்போதே சொல்லிவிட்டால், அகன்ற குழலுள்ள யந்திரத்தையோ, மனத்தைத் தணிக்கும் மருந்தையோ ஏற்பாடு செய்ய முடியும். அப்படி மருந்து வாங்கிக்கொண்டவர் அன்று வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

யந்திரத்தின் ஓசை மிகக் கடுமையானது. காந்தத்தின் நடுவே வேறு சில சுருள்களில் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சுவதால் அவை அதிர்ந்து, சில நிமிஷம் தட்டுவதாயும், சில நிமிஷம் இரைவதாயும், சில நிமிஷம் சம்மட்டி அடிப்பதாயும் சத்தம் எழுகிறது. ஓசை மாறுவது, எடுக்கும் படத்தின் வகை மாறுவதற்கு அடையாளம், கோளாறுக்கு அன்று. காதில் வைக்கத் தரும் அடைப்பான்களை நன்றாகப் பொருத்திக்கொள்ளாமல் உள்ளே போகச் சம்மதியாதீர்கள்.

கழுத்துப் படத்துக்கே உரிய சங்கடம் எச்சில் விழுங்குவது. கால் முட்டிக்குப் படமெடுக்கும்போது எத்தனை முறை விழுங்கினாலும் கவலையில்லை. கழுத்திலோ, ஒருமுறை விழுங்கினால் குரல்வளையும் நாக்கின் அடியும் மேலெழும்பி இறங்கி, படம் கலங்கிவிடும். ஒவ்வொரு தொகுதியும் சில நிமிஷங்களே நீடிக்கும். ஓசை நின்றிருக்கும் இடைவெளியில் விழுங்கவும் இருமவும் செய்யலாம். ஓசை நடக்கும்போது நாக்கை மேலண்ணத்தில் சாய்த்து, மூக்கால் அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் அவ்வளவாக ஊறுவதில்லை. இயலாமல் விழுங்கிவிட்டால் குற்றமொன்றுமில்லை. அந்தத் தொகுதியை மீண்டும் எடுப்பார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குபவர்களும், கழுத்து வலியால் அரை மணி நேரம் கிடக்க முடியாதவர்களும் இதை முன்னரே வைத்தியரிடம் சொல்லி, வலி மாத்திரையை எப்போது உண்பது என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

முதலில் 20 முதல் 30 நிமிஷம் மருந்தில்லாமலே படங்களை எடுத்து முடித்த பிறகே ஊசிக்கு வருவார்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்டாலன்றி எது ஒளிர்ந்தது என்று தெரியாது. ஆகையால் மேசை வெளியே வந்தாலும் தலையையும் கழுத்தையும் இருந்த நிலையிலிருந்து அசைக்கக் கூடாது. மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது: 50 கிலோ எடையுள்ளவருக்குச் சாதாரணச் செறிவுள்ள மருந்தில் 10 மி.லி., இருமடங்கு செறிவுள்ளதில் 5 மி.லி. ஊசி ஏறுகையில் கையில் குளிர்ச்சி ஓடுவதாகத் தோன்றும். சிலருக்கு வாயில் உலோகச் சுவையும், சிலருக்குக் கணநேரக் குமட்டலும் தலைவலியும் உண்டாகும். குழாய் போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ கண்டால் மருந்து நாளத்துக்கு வெளியே கசிகிறது என்று பொருள். உடல் முழுதும் அரிப்பு, முகம் வீங்குதல், மூச்சு இறுகுதல் ஆகியவை ஒவ்வாமையின் குறிகள். இவற்றில் எது தோன்றினாலும் பொறுத்துக்கொண்டு கிடப்பது பெருமையல்ல, பந்தை அமுக்குங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அதற்குரிய மருந்துகளும் மருத்துவரும் ஸ்கேன் மையத்திலேயே இருப்பது விதி. பின்னர் மேலும் 10, 15 நிமிஷம் படமெடுத்தால் வேலை முடிந்தது.

எழுந்தவுடன் தலை சுற்றலாம். சற்று உட்கார்ந்து, சொன்ன நேரம் வரை அங்கேயே இருந்து, பிறகு வீடு சென்று வழக்கம்போல் உண்டும் நீர் பருகியும் இருக்கலாம். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு ஒரே நாளில் மருந்தின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியேறிவிடும். டெக்னீஷியனின் முகத்தைப் பார்த்து நோயைக் கணிக்க முயல்வது வீண் வேதனை; படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்டின் கடமை, அதை உங்கள் நோய்க்குப் பொருத்திப் பார்ப்பது உங்கள் வைத்தியரின் கடமை. ரிப்போர்ட்டில் ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்றிருந்தால் அந்த இடம் மருந்தை ஏற்று ஒளிர்ந்தது என்று மட்டுமே அர்த்தம். தைராய்டும் மூக்கின் உட்தோலும் இயல்பாகவே ஒளிர்பவை, புற்றுநோய்தான் ஒளிரும் என்பதில்லை. ஜவ்வு தேய்ந்திருக்கிறது, லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்ற வாசகங்களும் ஒரு வலியும் இல்லாத நடுவயதினரின் படங்களில்கூடச் சர்வ சாதாரணம். ஃபிலிமையும் குறுந்தட்டையும் பழைய படங்களோடு சேர்த்து வைத்து, போடப்பட்ட கான்ட்ராஸ்ட் மருந்தின் பெயர், அளவு, தேதி, அதனால் ஏதேனும் உபாதை உண்டாயிற்றா என்ற விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி, அந்த உறையிலேயே போட்டுவையுங்கள். அடுத்த முறை எந்த ஊரில் ஸ்கேன் எடுத்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கும்.